ஒத்தெலைப் பூவின் தாளில் இருந்த சீட்டு

உங்களில் ஒருவர் என் திருத்தச் சீட்டைப் பிய்த்து எடுத்திருக்கிறார். தானாக விழுந்திருக்கும், பூச்சி அரித்திருக்கும் என்றெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம். நான் நேரில் வந்து பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில் நீள்சதுரமாகப் பசைத் தடம் இருக்கிறது. ஒரு மூலையில் தாளின் மேல்தோல் உரிந்திருக்கிறது. பூச்சி இப்படி நேர்க்கோட்டில் தின்னாது.

அலுவலக மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு பணி அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்றீர்கள். கடிதத்தோடு நீங்கள் அச்சிட்ட காட்டுப்பூக் கையேட்டையும் வைத்திருந்தீர்கள். நல்ல வழவழப்பான காகிதம். அதில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பழைய தாளின் படம். அஞ்செட்டிக் காட்டில் நான் பறித்த சின்னப் பூ, பக்கத்தில் நான் ஒட்டிய இலை. கீழே இரண்டு வரி: கிழங்கு நச்சுத்தன்மை உடையது, நாட்டு மருந்தாக விற்கப்பட்டு ஆபத்து நேர்ந்ததுண்டு. படத்தில் சீட்டு இல்லை.

எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏற இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனாலும் மறுநாளே கிளம்பி வந்து பீரோவைத் திறந்து பார்த்தேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். சீட்டைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் அவரவர் மேசையைப் பார்த்தீர்கள்.

அனுபவம்தானே வேண்டும், இதோ எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளில். ஓசூர் அப்போது சின்ன ஊர். இன்று ஷிப்ட்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற ரோட்டில் அன்று மாட்டு வண்டிதான். நம் தாவர ஆய்வுத் துறையின் கிளை அலுவலகம் ஒரு ஓட்டு வீடு. ஆறு பீரோ, இரண்டு மேசை, ஒரு அதிகாரி, நான், ஒரு பியூன். அந்த இடத்தில் இப்போது போல்ட்டு நட்டு செய்கிற பட்டறை இருக்கிறது. செடியைப் பறிப்பது, அழுத்தி உலர்த்துவது, தாளில் ஒட்டுவது, பெயர் எழுதி பீரோவில் அடுக்குவது, இதுதான் வேலை. அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. பெயரை எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர். காட்டுக்குப் போனால் இரண்டாம் நாள் காய்ச்சல் வந்துவிடும். அதனால் என்னை அனுப்பிவிட்டு, நான் கொண்டுவருவதைப் பார்த்துப் பெயர் வைப்பார்.

அந்த வருடம் கோடை மழை இரண்டு பெய்திருந்தது. அஞ்செட்டிக்கு அப்பால் மூங்கில் புதர் ஒன்றின் அடியில், சருகைத் தள்ளிக்கொண்டு ஒரு தண்டு நின்றது. ஒரு சாண் உயரம். பென்சில் பருமன்கூட இல்லை. இலையே கிடையாது. நுனியில் நாலைந்து பூ, எல்லாம் தலை தொங்கி. வெளி இதழ்கள் வெளிர் பச்சை. உள்ளே உதடு மாதிரி ஒன்று, வெள்ளையாக, ஊதா நரம்போடு. குனிந்தால்தான் கண்ணில் படும். நான் யானை லத்தியை மிதிக்கக் கூடாது என்று குனிந்தேன், அதனால் பார்த்தேன்.

கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தோண்டவில்லை. லத்தியில் ஆவி அடங்கவில்லை, சரிவுக்குக் கீழே கிளை முறிகிற சத்தம் கேட்டது. தண்டை மண் மட்டத்தில் ஒடித்துக்கொண்டு, இடம் தெரிய மூங்கிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு நடந்தேன். வழியில் மாடு ஓட்டி வந்த ஒருவர் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒத்தெலைப் பூவா" என்றார். குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். ஆர்க்கிட் குடும்பம் என்றார். புத்தகத்தைப் புரட்டி, இந்த வகையில் பூ வாடிய பிறகுதான் இலை வரும், ஒரே ஒரு இலை, அடியில் இதய வடிவம் என்று படித்துக் காட்டினார். "இலை இல்லாமல் இந்தத் தாளை மூட முடியாது. மழைக்காலத்தில் போய் எடுத்து வா" என்றார்.

ஆவணியில் போனேன். துணி வெளுத்துப் போய் அங்கேயே இருந்தது. கீழே முழங்கால் உயரத்துக்குப் புல். அதை விலக்கினேன். ஒற்றை இலை, இதய வடிவம், துணிக்கு நேர் கீழே. தோண்டிப் பார்த்திருந்தால் அடியில் என்ன கிழங்கு என்று தெரிந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போக இருப்பது ஒரே பஸ். அதை விட்டால் அடுத்த நாள் மதியம்தான். இலையைக் கிள்ளினேன், அட்டைக்குள் வைத்தேன், ஓடினேன். ஓசூரில் உலர்த்தி, பூவின் பக்கத்தில் ஒட்டினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மாவட்டச் செடிப் பட்டியல் அச்சுக்குப் போகும் நேரம் அது. அதில் இந்தத் தாளும் சேர்ந்தது.

இதுவரை நடந்தது சோம்பேறித்தனம். உங்களில் பலரும் செய்திருப்பீர்கள். ஒரு பிழை பீரோவில் தூங்குவதால் யாருக்கு என்ன என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம், அஞ்செட்டிக் காட்டு ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். வாடிய இலை ஒன்று.

"மாதப்பன்னு ஒருத்தன் சார். பொண்டாட்டி புள்ள பெத்து ஒரு மாசம்தான் ஆவுது. கெழங்கு அவிச்சித் தின்னுட்டு வாந்தியெடுத்து நெனவில்லாம கெடக்கறா. லாரியில ஏத்தி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்குது. பொழைப்பாளான்னு தெரியல."

"யார் கொடுத்த கிழங்கு?" என்றார் அதிகாரி.

"சந்தையில வேரு கெழங்கு விக்கிற கெம்பம்மான்னு ஒருத்தி. பால் சொரக்கும்னு குடுத்தாளாம். அவள ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கோம். நா குடுத்தது ஒத்தெலைக் கெழங்கு, அதத் தின்னு யாரும் சாவலன்னு அவ ஒரே புடியா நிக்கறா. இந்த எல மாதப்பன் வூட்டுக் கூடையில இருந்துச்சி. இது ஒத்தெலைதானா, ஆமா இல்ல, ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. ஆமான்னா அவ குடுத்த கெழங்குதான் வெஷம்னு ஆயிடும். ரெண்டு மணி பஸ்ஸுக்கு நா போவணும்."

"கிழங்கு கொண்டு வரவில்லையா?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை. கொண்டுவந்த பொருளைப் பார்ப்பதிலேயே நமக்குக் கண் போய்விடுகிறது. கொண்டுவராத பொருள் எது என்று கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும். என் வேலைக் காலம் முழுக்க நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இந்த ஒன்றுதான். அதையும் அந்த நாளுக்கு அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

அதிகாரி, "நம்மிடம்தான் தாள் இருக்கிறதே, எடுத்துப் பார்" என்றார். எடுத்தேன். தாளில் இருந்த இலையையும் ஏட்டு கொண்டுவந்த இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நரம்பு, நுனி, அடி எல்லாம் ஒன்று. சந்தேகமே இல்லை. இரண்டும் ஒரே செடியின் இலைதான், அதில் பொய் இல்லை.

அந்தச் சமயத்தில் தாளில் இருக்கும் இலையை நான் தோண்டிப் பார்க்காமல் கிள்ளியது எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்திருக்கலாம். ஏட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி பேனாவை என் பக்கம் தள்ளினார். பத்து நிமிடத்தில் கடிதம் தயார்: இலை ஒத்தெலையினுடையது. முத்திரை குத்தினோம். ஏட்டு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அவரே திரும்பி வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

"சார், அந்தப் பொம்பள எங்கள வாழ விட மாட்டேங்கறா. எந்தப் பேப்பரப் பாத்து எழுதினாங்களோ அந்தப் பேப்பர எனக்குக் காட்டுன்னு ஒரே ரகள. எஸ்.ஐ.யும், யாராச்சும் ஒருத்தர் வந்து நேருல சொல்லிட்டா கேசு பலமாப் போயிடும்னு சொல்றாரு. மாதப்பன் சம்சாரத்துக்கு இன்னம் நெனவு வரல. அவ போயிட்டா இவளுக்கு ஜெயில்தான்."

அதிகாரிக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. தாளை இரண்டு அட்டைக்கு நடுவே கட்டிக்கொண்டு நான் போனேன். பஸ், அப்புறம் வண்டி, அப்புறம் நடை.

கெம்பம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போகும்போதே எழுந்து நின்றாள்.

"நீங்கதான் எழுதின சாமியா?"

"ஆமாம்."

"காட்டுங்க. நாலு நாளா எம்புள்ளைங்கள வுட்டுட்டு எதுக்கு இங்க உக்காந்துக்கினு இருக்கேன்னு நானும் பாக்கறேன்."

ஏட்டு அதட்டினார். நான் கையமர்த்திவிட்டு அட்டையைப் பிரித்தேன். அவள் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

"பூவு நல்லா இருக்குது. ஒத்தெலைதான். தலையச் சாச்சிக்கினு அப்படியே நிக்குது பாரு." பிறகு முகவாயால் இலையைக் காட்டினாள். "இது யாரு சாமி?"

"அதன் இலை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு சிரித்துவிட்டாள். நாலு நாள் ஸ்டேஷனில் கிடந்தவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இது கசப்பு வள்ளி. எவளயோ இழுத்தாந்து இந்தப் பூவுக்குத் தாலி கட்டி வெச்சிருக்கீங்களே சாமி. யாரு பண்ண கல்யாணம் இது?"

ஏட்டு மீசைக்குள் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

அதற்கு அப்புறம் அவள் சிரிக்கவில்லை. "ஒத்தெலை தரையோட தரையாப் படுத்திருக்கும். விசிறி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். வள்ளி கொடி. சின்னதுல ஒரு எலைய வுட்டுக்கினு நிக்கும், அப்பறம் மரத்துல ஏறிடும். வள்ளிக் கெழங்க நாங்க மூணு நாளு ஓடுற தண்ணியில போட்டுட்டுத்தான் திம்போம். அவசரப்பட்டு அப்படியே அவிச்சா இப்படித்தான் ஆவும். மாதப்பன் தோண்டியிருப்பான். காட்டுல வள்ளி தோண்டினான்னு பாரஸ்ட்டு கார்டு புடிச்சிக்குவான் இல்ல? அதான் எம்மேல போட்டுட்டான்."

"இதையெல்லாம் எஸ்.ஐ.கிட்ட சொன்னாயா?"

"மொத நாளே சொன்னேன். ஓசூருல படிச்சவங்க எழுதியிருக்காங்க, நீ சும்மா இருன்னாரு."

நான் எஸ்.ஐ. அறைக்குள் போய், காட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. கடைசியில் ஏட்டை எங்களோடு அனுப்பினார். கெம்பம்மா ஒரு சின்னக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்கு வேகமான நடை. ஏட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏம்மா, கைதி நீயா நானா" என்றார்.

என் சிவப்புத் துணி மூங்கிலில் இருந்தது.

"இத நீங்களா கட்டினீங்க? பேய்க்குக் கட்டினதுன்னு நா இத்தன நாளு இந்தப் பக்கமே வராம சுத்திப் போனேன்" என்றாள்.

துணிக்கு நேர் கீழே, நான் ஆவணியில் கிள்ளிய செடி மறுபடி துளிர்த்து, கொடியாகி மூங்கிலில் ஆள் உயரம் ஏறியிருந்தது. இலை இலையாகத் தொங்கியது. கிள்ளிய காம்பின் தழும்பு அடியில் அப்படியே தெரிந்தது. அங்கிருந்து ஒரு காலடி தள்ளி, புல்லுக்கு அடியில், தரையோடு ஒட்டி ஒரு வட்ட இலை. மடிப்பு மடிப்பாக. அவள் சொன்னபடி.

முதலில் கொடியின் அடியில் குத்தினாள். பழுப்பாக, வேர் முடி சுற்றிய கிழங்கு. ஏட்டு அதைக் கையில் வாங்கி, "இந்தத் தோலுதான் மாதப்பன் வூட்டுக் குப்பையில கெடந்துச்சி" என்றார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பிறகு அவள் வட்ட இலையைச் சுற்றி விரலாலேயே மண்ணைத் தள்ளினாள். கோலிக்குண்டு அளவில் வெள்ளைக் கிழங்கு. அதன் கழுத்தில், இலைக்காம்புக்குப் பக்கத்தில், பூத்தண்டின் காய்ந்த அடிக்கட்டை. ஒரு விரல்கடை நீளம். நுனி ஒடிந்திருந்தது. ஒடித்தது நான்.

இரண்டு குழிக்கும் நடுவே என் பாதத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு காலடி. அந்த ஒரு காலடி தப்பியதற்கு ஒருத்தி நாலு நாளாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஸ்டேஷனில் இருக்கிறாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டார். கிழங்குகளைப் பார்த்தார். பிறகு, "முதல் கடிதத்தில் முத்திரை இருக்கிறது. இதற்கும் உங்கள் அதிகாரி முத்திரையோடு எழுதிக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார்.

போய்வர இரண்டு நாள். அதிகாரி உடனே எழுதுவாரா என்பது வேறு விஷயம். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கெட்ட செய்தி வந்தால் கெம்பம்மா கோர்ட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் என் கடிதத்தை யார் படிக்கப்போகிறார்கள். அவரிடம் ஒரு தாள் கேட்டேன். எழுதினேன்: முதல் கடிதம் தவறு. அந்த இலை ஒத்தெலையினுடையது இல்லை, கசப்பு வள்ளியினுடையது. தாளில் தவறான இலையை ஒட்டியது நான். தோண்டிப் பார்க்காமல் ஒட்டினேன். கீழே கையெழுத்து. முத்திரை கிடையாது.

எஸ்.ஐ. படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதை எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?"

"முதல் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அப்போது யாரும் கேட்கவில்லை" என்றேன்.

மாதப்பனை வரவழைத்தார்கள். கடிதத்தைப் படித்துக் காட்டி, கிழங்கை முன்னால் வைத்ததும் அவன் அழுதான். தோண்டியது தான்தான், வீட்டில் வேறொன்றும் இல்லை என்றான். கெம்பம்மா அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒரு வார்த்த என்னைக் கேட்டிருந்தா, தண்ணியில போடுடான்னு சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். அவன் மனைவி மூன்று நாள் கழித்துக் கண் திறந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இங்கே கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் பெரிய தப்பு இனிமேல்தான் வருகிறது.

கெம்பம்மாவை விட்டுவிட்டார்கள். நான் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"சாமி, நாளன்னிக்கி சந்தை. வந்து அந்தக் காயிதத்த அங்க படிங்க."

"எதற்கு? அதுதான் விட்டுவிட்டார்களே."

"என்னப் புடிச்சிக்கினு வந்தத ஊரே பாத்துச்சி. வுட்டத யாரு பாத்தாங்க?"

"எனக்கு ஆபீஸ் இருக்கிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்" என்றேன்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும் சாமி" என்றாள்.

"பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சந்தைக்குப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தை நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று உரக்கப் படிக்க என்னால் முடியாது என்று தோன்றியது. நாலு சுவருக்குள் எழுதிக் கொடுத்ததே பெரிய வீரம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஓசூரில் அதிகாரி மெமோ கொடுத்தார். முத்திரை இல்லாமல் அலுவலகத்தின் பெயரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டார். விளக்கம் எழுதினேன். பட்டியல் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். தாளை நான் கிழித்தெறியலாம் என்று நினைத்தேன். அது கூடாது என்பது நம் தொழிலின் சட்டம். ஒட்டியது ஒட்டியபடி இருக்க வேண்டும். தப்பு என்றால் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி, என்ன தப்பு, யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். பிற்பாடு வருகிறவனுக்குத் தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். நம் தொழிலில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம் அது.

எழுதினேன்: இலை வேறு செடி, கசப்பு வள்ளி. தோண்டிக் காட்டியவர் கெம்பம்மா, அஞ்செட்டி.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "வேர் விற்கிறவள் பெயரெல்லாம் தாளில் எதற்கு? உன் பெயரைப் போடு, போதும்."

"நான் கண்டுபிடிக்கவில்லை ஐயா. இடம் போதவில்லை என்றால் என் பெயரை விட்டுவிடுகிறேன்."

அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "ஒட்டித் தொலை" என்றார். அவர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

அடுத்த கோடையில் அஞ்செட்டிப் பக்கம் போனேன். ரோட்டுக்குக் கல் சுமக்கிற கூட்டத்தில் கெம்பம்மா நின்றாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிழங்கு விற்கவில்லையா?"

"வாங்க யாரு இருக்கறாங்க? போலீசு கெழங்குன்னு பேரு வெச்சிட்டாங்க சாமி." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு, "பூவுக்கு எலைய மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாற்ற முடியாது, ஆனால் பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன், அதில் உன் பெயர் இருக்கிறது என்றேன்.

"எம்பேரா? எப்படி இருக்குது, எழுதிக் காட்டுங்க."

குறிப்பேட்டில் எழுதி அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நேராக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஊருல இல்லன்னாலும் ஓசூருல இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்தாள். மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன் அஞ்செட்டிச் சந்தையில் கேட்டபோது அதைச் சொன்னார்கள். மகள் இருக்கிறாள், அதே ஊரில். அவளிடம் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அந்தப் பெண் நிரபராதி என்று சொல்கிற எழுத்து இந்த உலகத்தில் மூன்று இடத்தில் இருந்தது. ஸ்டேஷனில் நான் எழுதிய கடிதம், அது எந்தக் குப்பையில் போயிற்றோ. அவள் இடுப்பில் செருகிய தாள், அதில் பெயர் மட்டும்தான். மூன்றாவது, பீரோவில் இருந்த சீட்டு. நான் ஓய்வு பெற்ற நாளில் அது இருந்தது. கடைசியாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இப்போது அந்த இடத்தில் பசை இருக்கிறது. பைலில் கிடக்கும் என் முதல் கடிதத்தின் நகலை நம்பியோ என்னவோ, அவள் விற்ற கிழங்கு நஞ்சு என்று வழவழப்பான காகிதத்தில் அச்சாகியிருக்கிறது. அன்றைக்கு நான் ஒரு கடிதத்தில் செய்ததை நீங்கள் ஊர் ஊராக விற்கிற புத்தகத்தில் செய்திருக்கிறீர்கள்.

படம் சுத்தமாக வரட்டும் என்று எடுத்திருப்பீர்கள். அழுக்குச் சீட்டு, பழைய கையெழுத்து, யாரோ ஒரு கெம்பம்மா. எடுத்தவருக்கு அவள் யாரென்று தெரிந்திருக்காது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்திருந்தால், அந்த இலையை அச்சில் போட்டிருக்க மாட்டீர்கள். ஆக, படிக்காமல் பிய்த்தீர்கள். நான் தோண்டாமல் கிள்ளினேன், நீங்கள் படிக்காமல் பிய்த்தீர்கள். இதில் யாரும் யாருக்கும் பெரியவன் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட வெட்டாமல் மலரில் போடுங்கள். என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம், பழம் வாங்கி வர வேண்டாம். அறையை மூடிக்கொண்டு பேசுவதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம். அஞ்செட்டியில் இன்னும் சந்தை கூடுகிறது. ஒரு சந்தை நாளைக் குறித்து எனக்கு எழுதுங்கள். கெம்பம்மாவின் மகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். நான் முதலில் நின்று, அன்றைக்குப் படிக்காமல் போன கடிதத்தைப் படிக்கிறேன். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். நான் படித்து முடித்ததும், சீட்டைப் பிய்த்தவர் எவரோ அவர் முன்னால் வரட்டும். தன் பெயரைச் சொல்லட்டும். அதை எதற்கு எடுத்தார், அது இப்போது எங்கே இருக்கிறது, இந்த இரண்டுக்கும் சந்தையில் கடைசியில் நிற்கிறவர் காதிலும் விழும்படி பதில் சொல்லட்டும்.